அடுத்தவர் போடும் பதிவில் நம் அந்தரங்கம்: மலேசியச் சட்டம் எதுவரை வரும்?

2025 தொடங்கி 2026 ஜனவரி முதல் நாள் வரையிலான ஓராண்டுக்குள், சமூக ஊடகத்தைத் தொடும் நான்கு சட்டங்கள் மலேசியாவில் திருத்தப்பட்டன அல்லது புதிதாக அமலுக்கு வந்தன. செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால் எது எதற்கு என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையிலும் செந்தூல் கோயில் மண்டபத்திலும் மக்கள் கேட்பதைக் கவனித்தால் கேள்வி இரண்டுதான். “முகநூலில் எதையாவது எழுதினால் இனிமேல் பிடித்துக்கொண்டு போவார்களா?” என்பது ஒன்று. “என்னைக் கேட்காமல் என் மகள் படத்தைப் போட்டுவிட்டார்கள், புகார் கொடுக்கலாமா?” என்பது மற்றொன்று.

இரண்டும் ஒரே சட்டத்தைப் பற்றிய கேள்விகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் கேள்வி பொறுப்பைப் பற்றியது, இரண்டாவது தனியுரிமையைப் பற்றியது. மலேசியாவில் இந்த இரண்டுக்கும் சட்டங்கள் வேறு வேறு, அவற்றின் எல்லைகளும் வேறு வேறு.

முதலில் மூன்று சொற்கள்

தனிப்பட்ட தகவல் என்றால் ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும். பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், முகவரி மட்டுமல்ல, முகம் தெரியும் படமும் கார் எண் பலகையும்கூட இதில் சேரும்.

தனியுரிமை, அதாவது பேச்சு வழக்கில் பிரைவசி, என்பது அந்தத் தகவல் யாரிடம் போகலாம், எதுவரை போகலாம் என்று முடிவு செய்யும் உரிமை. ஒளித்து வைப்பது வேறு, இது வேறு. அத்தையிடம் சொன்ன நோயை அத்தை குழுவில் போட்டால் அங்கே தனியுரிமை மீறப்படுகிறது. அத்தைக்கு அது தெரியும் என்பதில் தவறில்லை, அவரிடமிருந்து மேலே போனதில்தான் தவறு.

பொறுப்பு என்பது, நாம் வெளியிட்டதற்கும் நம் பெயரில் வெளிவந்ததற்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை. ‘நம் பெயரில் வெளிவந்தது’ என்ற பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு தேர்வு முடிவுத் தாள் எவ்வளவு சொல்கிறது?

ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம் முடிவு வெளியாகும் நாளில் முகநூலைத் திறந்தால் தாள் தாளாக வந்து விழும். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டது, அப்பா படம் பிடித்துப் போடுகிறார், சித்தப்பா அதைக் குடும்ப வாட்சப் குழுவில் பகிர்கிறார், கோயில் தலைவர் அதை இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறார். எல்லாம் மகிழ்ச்சியில் செய்வதுதான். அந்தத் தாளில் பிள்ளையின் முழுப்பெயர், பள்ளியின் பெயர், தேர்வுச் சுட்டெண், 12 இலக்க அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும்.

சிலர் அடையாள அட்டை எண்ணை மட்டும் விரலால் மறைத்துப் படம் எடுக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்த எண் எப்படி அமைகிறது என்று தெரிந்தால் அது போதாது என்று புரியும். முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தின் குறியீடு: கோலாலம்பூருக்கு 14, சிலாங்கூருக்கு 10, பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை.

2008 மார்ச் 5-இல் கோலாலம்பூரில் பிறந்த ஒரு பெண் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். “என் தங்கத்துக்கு 17 வயது” என்று அம்மா கேக் படத்தோடு போட்ட வாழ்த்தும் பிறந்த ஊரும் தெரிந்தால் போதும். எண் 080305-14 என்று தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். மீதி நான்கு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்புகள். பெண் என்பதால் அதில் பாதி கழிந்து 5,000 மிஞ்சும். பிறந்தநாள் வாழ்த்தில் எண் எதுவுமே எழுதவில்லை, ஆனாலும் எட்டு இலக்கம் போய்விட்டது.

இதை வைத்து என்ன செய்வார்கள்? வங்கிக் கணக்கை நேராகத் திறந்துவிட முடியாது. ஆனால் மக்காவ் மோசடி என்று இங்கே சொல்லப்படும் தொலைபேசி ஏமாற்று முழுவதும் இத்தகைய தகவலில்தான் நிற்கிறது. போலீஸ், நீதிமன்றம், வருமான வரி வாரியம் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அழைப்பான். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அவனே வாசித்துக் காட்டுவான். “என் ஐசி நம்பர் சரியாகச் சொல்கிறானே, அப்போது உண்மையான அதிகாரியாகத்தான் இருக்கும்” என்று எதிர்முனையில் இருப்பவர் நம்பிவிடுகிறார். பிள்ளையின் பள்ளி, வீட்டு விசேஷம், மருத்துவமனைச் செலவு என்று ஒவ்வொரு விவரமும் அந்த நம்பிக்கைக்கு வலு சேர்க்கும்.

நாமே போடுவது போதாதென்று, நிறுவனங்களிடமிருந்து கசிந்ததும் ஏற்கெனவே வெளியே கிடக்கிறது. 2017 அக்டோபரில் 46.2 மில்லியன் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது அம்பலமானது. நாட்டின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை அது. 2021 ஏப்ரலில் உலகம் முழுவதும் 533 மில்லியன் முகநூல் பயனர்களின் தொலைபேசி எண்கள் உள்ளிட்ட தகவல் இணையத்தில் இலவசமாகப் போடப்பட்டது. பழைய கசிவில் எண் இருக்கிறது, நம் பதிவில் முகமும் உறவுமுறையும் இருக்கின்றன. இரண்டையும் சேர்ப்பவனுக்கு வேலை சுலபம்.

காக்கும் சட்டங்கள் எங்கே நிற்கின்றன?

1. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010. பிடிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இது 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. 2024-இல் திருத்தப்பட்டது. தகவலைத் தவறாகக் கையாளும் நிறுவனத்துக்கான உச்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இதற்கு மூன்று எல்லைகள் உள்ளன: வணிகத் தொடர்புடைய தகவலுக்கு மட்டுமே இது பொருந்தும், மத்திய மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது, தனிமனிதர் தம் சொந்த, குடும்ப, வீட்டுக் காரியங்களுக்காகக் கையாளும் தகவலுக்கு 45-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. பொழுதுபோக்குக்காகச் செய்வதும் அந்த விலக்கில் சேரும்.

2. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025, அதாவது சட்டம் 866. 2026 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. முகநூல், டிக்டாக் போன்ற தளங்கள் தீங்கான உள்ளடக்கத்தைக் குறைக்க வேண்டும், பயனர் புகார் செய்ய வழி வைக்க வேண்டும், சிறுவர் பாலியல் கொடுமைப் படங்களையும் பண மோசடிப் பதிவுகளையும் எட்டாதபடி செய்ய வேண்டும் என்கிறது. கடமை தளத்தின் மீது விழுகிறது, பதிவு போட்ட ஆள் மீது அல்ல. தனிப்பட்ட செய்திப் பரிமாற்ற வசதிக்கு இது பொருந்தாது என்பதும் முக்கியம். புலனம் என்று நாம் சொல்லும் வாட்சப் உரையாடல் இதற்கு வெளியே நிற்கிறது.

3. நீதிமன்றத் தீர்ப்புகள். அரசியலமைப்பில் ‘தனியுரிமை’ என்ற சொல் இல்லை. 2010-இல் கூட்டரசு நீதிமன்றம், 5-ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்றது. உரிமையியல் வழக்குகளில் கதை ஒரே மாதிரி போகவில்லை. 2004-இல் மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் படம் விளம்பரத்தில் வந்ததற்கு எதிராகப் பெற்றோர் போட்ட வழக்கில், தனியுரிமை மீறல் என்று ஒரு வழக்கு நம் சட்டத்தில் இல்லை என்று உயர்நீதிமன்றம் சொன்னது. சில ஆண்டு கழித்து பினாங்கு உயர்நீதிமன்றம் வேறு வழியில் போனது. சிகிச்சையின்போது மயக்கத்தில் இருந்த பெண்ணின் அந்தரங்க உறுப்பை அவர் அனுமதியின்றி மருத்துவர் படமெடுத்தார். மருத்துவப் பதிவுக்காக என்றாலும் அது தனியுரிமை மீறல்தான், அதற்காக வழக்குத் தொடுக்கலாம் என்று அந்த நீதிமன்றம் ஏற்றது. கதவு திறந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கதவு வரை போக வழக்கறிஞரும் பணமும் வேண்டும்.

இதைக் கல்யாண வீட்டில் வைத்துப் பார்ப்போம். கூலிக்கு வந்த படக்காரர், தன் தொழிலை விளம்பரப்படுத்த மணப்பெண்ணின் படத்தை அனுமதியின்றித் தன் பக்கத்தில் போட்டால் அவர் பிடிபிஏ-யின் பிடிக்குள் வருகிறார். டியூஷன் நிலையம் பிள்ளையின் படத்தையும் மதிப்பெண்ணையும் விளம்பரமாகப் போட்டாலும் அப்படித்தான். அதே படத்தைப் பெரியம்மா தன் முகநூலில் போட்டால் பிடிபிஏ ஒன்றும் செய்யாது. மணப்பெண்ணுக்கு வரும் சங்கடம் இரண்டிலும் ஒன்றே.

தண்டிக்கும் சட்டம் மட்டும் வீட்டுக்குள் வரும்

குடும்பக் குழுவுக்குள் நம் தகவலைக் காக்கும் சட்டம் வருவதில்லை, நம்மைப் பொறுப்பாக்கும் சட்டம் வருகிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998-இன் 233-ஆவது பிரிவு, ஆபாசமான, பொய்யான, அச்சுறுத்தும் அல்லது மிகக் கடுமையாகப் புண்படுத்தும் செய்தியை, பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கோடு அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. முன்பு உச்சத் தண்டனை 50,000 ரிங்கிட் அபராதம், ஓராண்டு சிறை. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு 500,000 ரிங்கிட், இரண்டாண்டு சிறை. இது பொதுப் பதிவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குழுவில் அனுப்பிய குரல்பதிவும் ஒரு செய்திதான்.

அப்புறம் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு. 2012 ஜூலை 31 முதல் அமலில் இருக்கிறது, ஆனாலும் நம் ஆட்களில் மிகச் சிலருக்கே தெரியும். ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யாருடைய பெயரோ படமோ இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையச் சேவை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கும் இது பொருந்தும். கணினி யார் வசம் இருந்ததோ அவருக்கும் பொருந்தும். “நான் இல்லை” என்றால் அதைக் காட்ட வேண்டிய சுமை அவருடையது.

நடைமுறையில் பாருங்கள்: வீட்டு வைஃபை அப்பா பெயரில் இருக்கிறது, மகனின் நண்பன் வந்து உட்கார்ந்து யாரையோ மிரட்டி எழுதிவிட்டுப் போகிறான். கேள்வி முதலில் அப்பாவிடம்தான் வரும். கோயில் இளைஞர் குழுவின் நிர்வாகிக்கும் இந்தக் கவலை நியாயமானது.

பிறர் எழுதியதற்கு நாம் பதில் சொல்ல வேண்டி வருமா என்பதற்கு 2021 பிப்ரவரி 19 தீர்ப்பு பெரிய எடுத்துக்காட்டு. நீதித்துறையை இழிவுபடுத்தி வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித்தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. போலீஸ் தொடர்பு கொண்ட சில நிமிடங்களில் தளம் அவற்றை நீக்கியிருந்தது. ஆனாலும் பொறுப்பு போகவில்லை. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, ஆசிரியர் குழு உள்ள நிறுவனம் சம்பந்தப்பட்டது. 20 பேர் உள்ள குடும்பக் குழுவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் உறுப்பினர் போட்ட செய்தியை நிர்வாகியே எல்லாருக்குமாக நீக்கும் வசதி வாட்சப்பில் இருக்கிறது. அது இருக்கும்போது, பார்த்தும் விட்டுவிட்டேன் என்று சொல்வது பலவீனமான பதில் என்பது என் கருத்து.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. குற்றத்தில் பாதிக்கப்பட்ட, சாட்சியான அல்லது குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் பெயர், படம், பள்ளி என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் சட்டம் 2001-இன் 15-ஆவது பிரிவு. தண்டனை 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பள்ளியில் ஒரு பிள்ளையை அடிக்கும் காணொளியை “எல்லாருக்கும் அனுப்புங்கள், நியாயம் கிடைக்கட்டும்” என்று அனுப்புகிறவர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். அடிபட்ட பிள்ளையின் முகம் ஆயிரம் கைப்பேசிகளில் தங்கிவிடுகிறது. காணொளி போக வேண்டிய இடம் போலீஸும் பள்ளியும்தான்.

100 ரிங்கிட் அபராதமும் அதற்குப் பின் வந்த சட்டமும்

2024 ஜூலையில், ஈஷா என்ற பெயரில் டிக்டாக்கில் அறியப்பட்ட தமிழ்ப் பெண் கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் தன்னை மிரட்டியவர்கள் மீது அதற்கு முன்பே போலீஸில் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்டது 100 ரிங்கிட் அபராதம். கேட்டவர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் அதுதான் உச்ச அபராதமே. நீதிபதி நினைத்தாலும் அந்தப் பிரிவில் 101 ரிங்கிட் விதிக்க முடியாது.

அந்தக் கோபம் வீண்போகவில்லை. தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11-இல் அமலுக்கு வந்தன. அவற்றில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. மிரட்டியும் இழிவாகப் பேசியும் ஒருவருக்கு மனவேதனை உண்டாக்கும் நோக்கில் செய்வதற்கு மூன்றாண்டு வரை சிறை.

2. நோக்கம் இல்லாவிட்டாலும், கேட்பவர் வேதனைப்படும் வகையில் அப்படிச் செய்வதும் குற்றம். தண்டனை குறைவு.

3. அச்சுறுத்தலால் ஒருவர் தற்கொலைக்கு முயன்றாலோ இறந்தாலோ பத்தாண்டு வரை சிறை.

4. ஒருவரைத் துன்புறுத்த அவருடைய அடையாளத் தகவலை வெளியிடுவது, டாக்சிங் என்று சொல்வார்களே அது, இப்போது தனிக் குற்றம்.

நான்காவது, இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு நேராக வருகிறது. கடன் திருப்பித் தராதவரின் அடையாள அட்டைப் படத்தையும் வீட்டு முகவரியையும் “இவரைத் தெரிந்தால் சொல்லுங்கள்” என்று போடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. கடன் உண்மையாக இருக்கலாம். அதை வசூலிக்க வேறு வழிகள் உள்ளன. அவர் பிள்ளைகளும் அதே முகவரியில்தான் குடியிருக்கிறார்கள். தனிமனிதர் தனிமனிதரின் தகவலை வெளியிடுவதற்கு எதிராகக் குற்றவியல் சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசுவது நம் நாட்டில் புதிது. ஆனால் இதற்கும் துன்புறுத்தல் என்ற அம்சம் வேண்டும். பாசத்தில் போடும் படத்துக்கு இது வராது.

பாசத்தில் போடுவதை என்ன செய்வது?

சட்டம் வராத இந்த இடத்தில் கேட்டுவிட்டுப் போடும் பழக்கம் ஒன்றுதான் இருக்கிறது. பெரியவர்களிடம் “படத்தை எடுங்கள்” என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். அதனால் கேட்க வேண்டிய கடமை போடுகிறவருடையது என்று நான் உறுதியாகச் சொல்வேன், குறிப்பாகப் பெரியவர்களுடையது. சின்னப் பிள்ளையானாலும் கேளுங்கள். “அம்மா, இந்தப் படம் வேண்டாம்” என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியும்.

மரண அறிவிப்பை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. அம்மா காலமாகிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் அட்டை தயாராகி 40 குழுக்களுக்குப் போகிறது. அம்மாவின் படம், முழுப்பெயர், வயது, வீட்டு எண்ணோடு முகவரி, பிள்ளைகள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், மூன்று கைப்பேசி எண்கள். “நல்லுடல் பிற்பகல் 2.30 மணிக்கு இல்லத்திலிருந்து புறப்பட்டு செராஸ் மின்சுடலையில் தகனம் செய்யப்படும்.” வீடு எத்தனை மணிக்குக் காலியாகும் என்பது இப்போது முன்பின் தெரியாதவருக்கும் தெரியும். யாரை அழைத்து “அம்மாவின் சேமநிதிப் பணம் விஷயமாக” என்று பேசலாம் என்பதும் தெரியும்.

அறிவிப்பை நிறுத்த முடியாது, உறவுகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு தொடர்பு எண் போதும், அதுவும் துக்க வீட்டுக்கு வெளியே உள்ள ஓர் உறவினருடையதாக இருக்கட்டும். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் தேவையில்லை. ஊர்வலத்துக்குப் போகாமல் இருவர் வீட்டில் இருக்க வேண்டும். காரியம் முடிந்ததும் பொதுப் பதிவை நீக்கிவிடலாம். வாட்சப்பில் அனுப்பியதைச் சுமார் இரண்டு நாளுக்குள்தான் எல்லாருக்குமாக அழிக்க முடியும், வேறு குழுக்களுக்குப் போனது போனதுதான். அதனால் அனுப்பும் முன்பே அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மற்றவை சுருக்கமாக. தேர்வுத் தாளுக்குப் பதில் பிள்ளையின் சிரித்த முகம் போதும், தாள் வேண்டாம். பயணப் படத்தை ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். படத்தை ‘ஆவணம்’ என்று அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும். புதிய செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுக்கலாம். அந்தப் பட்டியலில் இருப்பவை நம் எண்கள் அல்ல, நம்மை நம்பித் தந்தவர்களின் எண்கள்.

நடந்துவிட்டால்

1. நீக்கச் சொல்வதற்கு முன் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், கணக்கின் பெயர், இணைப்பு எல்லாம் தெரிய வேண்டும். முதலில் சண்டை போட்டால் பதிவு மறைந்துவிடும், சாட்சியும் போய்விடும்.

2. அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் எம்சிஎம்சி எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார் தளம் இருக்கிறது.

3. மிரட்டல், டாக்சிங் என்றால் எந்தக் காவல் நிலையத்திலும் போலீஸ் புகார் கொடுக்கலாம். 507பி தொடங்கும் புதிய பிரிவுகள் இருப்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

4. பணம் போய்விட்டால் உடனே 997. தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க வேண்டும் என்பதால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

5. இணையத்தில் தாக்கப்படுகிறவர் தனியாக இருக்க வேண்டியதில்லை. மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்போடு 03-7627 2929 என்ற எண்ணில் பேசலாம், அரசாங்க உதவித் தொடர்பான தாலியான் காசே 15999. பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்களையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.